மருந்து இல்லாத காய்ச்சலுக்கு என்ன வைத்தியம்?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. போன ஐப்பசியில் என் 14 வயது மகளுக்கு டெங்கு வந்தது. மூன்றாம் நாள் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த பிளேட்லெட் ஐந்தாம் நாள் 34 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது. காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம் என்று கேட்டோம், டாக்டர் விடவில்லை. பிளேட்லெட்டாவது ஏற்றுங்கள் என்று கெஞ்சினோம், அதையும் செய்யவில்லை. குளுக்கோஸ் பாட்டிலைத் தவிர ஒரு மருந்தும் கொடுக்கவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டாள், எனக்குத்தான் மனசு ஆறவில்லை. என் தம்பி காங்கோவில் வேலை பார்க்கிறான். எபோலா என்கிற ரத்தக்கசிவுக் காய்ச்சலுக்கே மருந்து கண்டுபிடித்துவிட்டார்களாம். டெங்குவுக்கு மட்டும் ஏன் இல்லை? இரண்டாம் தடவை வந்தால் உயிருக்கே ஆபத்து என்கிறார்களே, நிஜமா? அதே சமயத்தில் எங்கள் தெருவில் நடவு வேலைக்குப் போகிற ஒருவருக்கும் காய்ச்சல். டெங்குதான் என்று பப்பாளி இலைச் சாறு குடித்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தார். கண் மஞ்சளாகி, சிறுநீர் நின்று, டயாலிசிஸ் வரை போய்விட்டது. டெங்கு கிட்னியையும் கெடுக்குமா? தம்பி பொங்கலுக்கு வருகிறான், அவனால் எங்களுக்கு ஏதாவது வருமா? ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

சீட்டுகளைப் பார்த்தேன். மூன்றிலும் பிளேட்லெட் வரியைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறீர்கள். 1,12,000, அப்புறம் 61,000, அப்புறம் 34,000. அதே சீட்டில் கொஞ்சம் மேலே பிசிவி என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். மூன்றாம் நாள் 36, நான்காம் நாள் 39, ஐந்தாம் நாள் காலையில் 44. அந்த டாக்டர் உங்கள் மகளை வீட்டுக்கு விடாததற்குக் காரணம் இந்த வரிதான்.

ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு சிவப்பணு என்பதுதான் பிசிவி. இரண்டு நாளில் உங்கள் மகளுக்குப் புது ரத்தம் ஊறிவிடவில்லை. சிவப்பணுக்கள் இருந்த அளவில்தான் இருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த நீர்ப்பகுதி ரத்தக் குழாயின் சுவர் வழியே வெளியே கசிந்துவிட்டது, அதனால் ரத்தம் கெட்டிப்பட்டு எண் ஏறியது. ஆரம்பத்தில் இருந்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடினால் கசிவு கணிசமாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். 36-க்கு அந்த எல்லை 43. உங்கள் மகள் அதைத் தாண்டியிருந்தாள்.

டெங்குவில் பிள்ளைகள் பெரும்பாலும் ரத்தம் கொட்டிச் சாவதில்லை. நீர் கசிந்து, ரத்த அழுத்தம் விழுந்து, கை கால் சில்லிட்டுத்தான் கைமீறிப் போகிறார்கள். அந்தக் கசிவு தொடங்குவது காய்ச்சல் தணிகிற நேரத்தில், அதாவது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். ஒன்று அல்லது இரண்டு நாள் கசியும், பிறகு தானே நின்றுவிடும். எனவே ‘காய்ச்சல் விட்டுவிட்டதே’ என்று நீங்கள் நிம்மதியடைந்த அந்த வேளையில்தான் மருத்துவர் கண்கொட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நண்டு வளை போட்ட வரப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வளை அடைபடும் வரை வயலில் பயிர் வாடாத அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். அதற்காக மடையை முழுக்கத் திறந்துவிட்டால் கசிகிற தண்ணீரெல்லாம் பக்கத்து வயலில் போய் நிற்கும். உடம்பில் அந்தப் பக்கத்து வயல் நுரையீரலும் வயிறும். தேவைக்கு மேல் டிரிப்ஸ் ஏற்றினால் கசிவு நின்றபின் அந்த நீர் திரும்பி ரத்தத்துக்குள் வரும்போது பிள்ளைக்கு மூச்சுத் திணறும். அதனால் மணிக்கு எத்தனை மில்லி என்று எடையை வைத்துக் கணக்குப் போட்டு, சில மணிக்கு ஒருமுறை பிசிவி பார்த்து, சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளந்து, ஏற்றியும் இறக்கியும் கொடுக்கிறார்கள். நர்ஸ் அடிக்கடி வந்து பிரஷர் பார்த்தது நினைவிருக்கிறதா? மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி 20-க்குச் சுருங்குகிறதா என்று பார்த்திருப்பார். 100-க்கு 80 என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு நல்ல பிரஷராகத் தெரியும். எங்களுக்கு அது அதிர்ச்சி நிலையின் வாசல். நீங்கள் குளுக்கோஸ் என்று சொல்வது பெரும்பாலும் குளுக்கோஸாகவும் இருந்திருக்காது, நார்மல் சலைனோ ரிங்கர் லாக்டேட்டோ என்கிற உப்புக் கரைசலாக இருந்திருக்கும். டெங்குவுக்கு மருந்து அந்தப் பாட்டில்தான். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று தெரிந்து கொடுக்க வேண்டிய மருந்து.

இது லேசாகக் கிடைத்த அறிவு இல்லை. 1958-இல் பாங்காக்கில் பிள்ளைகளிடையே இந்த நோய் பெரிய அளவில் பரவியபோது மருத்துவமனைக்கு வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். அங்கே குழந்தைகள் மருத்துவமனையில் சுசித்ரா நிம்மானித்யா என்ற பெண் மருத்துவர் படுக்கை படுக்கையாகப் பார்த்து, எந்த நாளில் கசிகிறது, எவ்வளவு நீர் கொடுத்தால் தாங்குகிறது என்று ஒழுங்குபடுத்தினார். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்களுக்கு அவருடைய வேலை அடிப்படையாக அமைந்தது. இன்று நேரத்தோடு வந்து சரியாகக் கவனிக்கப்பட்டவர்களில் இறப்பவர்கள் நூற்றில் ஒருவரைவிடக் குறைவு. அதற்கு ஒரு புது மருந்துகூடத் தேவைப்படவில்லை.

பிளேட்லெட் ஏற்றாததற்கு உங்களுக்குக் கோபம் இருக்கிறது. எனக்குக் கோபம் வேறு பக்கம். இந்த மாவட்டங்களில் ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் பிளேட்லெட்டுக்காக ராத்திரியில் வண்டி பிடித்துத் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் ஓடுகிற அப்பாக்களைப் பார்க்கிறேன். எண்ணிக்கையை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டு ரத்தம் கேட்கிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஐந்து மருத்துவமனைகளில் இதை முறையாகச் சோதித்தார்கள், 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிளேட்லெட் 20 ஆயிரமோ அதற்குக் கீழோ இறங்கிய 372 பேரில் பாதிப் பேருக்கு ஏற்றினார்கள், பாதிப் பேருக்கு ஏற்றாமல் மற்ற கவனிப்பு மட்டும். ரத்தம் கசிவது ஏற்றியவர்களுக்குக் குறையவில்லை. ஒவ்வாமை போன்ற தொந்தரவுதான் அவர்களுக்குக் கூடியது. ரத்தம் நிற்காமல் போகிறவருக்கு ஏற்றுவது வேறு கதை. வெறும் எண்ணைப் பார்த்து ஏற்ற வேண்டியதில்லை. பப்பாளி இலையும் இப்படித்தான். அதைச் சாப்பிட்டவர்களுக்கு எண்ணிக்கை கொஞ்சம் சீக்கிரம் ஏறுவதாகச் சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஆளைக் கொல்வது நீர்க்கசிவு. அதை எண்ணிக்கை ஏறுவது நிறுத்தாது.

சரி, எபோலாவுக்கு வருவோம். உங்கள் தம்பி சொன்னது உண்மைதான். ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று நாங்கள் சேர்த்துச் சொல்லும் கூட்டத்தில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல வைரஸ்கள் இருக்கின்றன. டெங்கு, மஞ்சள் காய்ச்சல், 1957-இல் கர்நாடகத்தின் க்யாசனூர் காட்டில் கண்டறிந்த குரங்குக் காய்ச்சல் இவை மூன்றும் ஒரு குடும்பம். எபோலா வேறு குடும்பம்.

காங்கோவின் கிழக்குப் பகுதியில் 2018-இல் எபோலா பரவியபோது, ஒரு பக்கம் துப்பாக்கிச் சண்டை நடக்க, இன்னொரு பக்கம் நான்கு மருந்துகளை ஒப்பிட்டு ஒரு சோதனை நடத்தினார்கள். 1976-இல் முதல் எபோலா பரவலையே நேரில் பார்த்த காங்கோ மருத்துவர் ஜான் ஜாக் முயெம்பே அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். சுமார் 680 நோயாளிகள். 2019 ஆகஸ்டில் பாதியிலேயே நிறுத்தினார்கள், ஏனென்றால் இரண்டு மருந்துகள் தெளிவாக முந்திவிட்டன. மற்ற இரண்டில் ஏறக்குறைய பாதிப் பேர் இறக்க, இவற்றில் மூன்றில் ஒருவர் அளவுக்கு இறப்பு குறைந்தது. ரத்தத்தில் வைரஸ் குறைவாக இருக்கும்போதே வந்து சேர்ந்தவர்களில் பத்தில் ஒருவர்தான் இறந்தார். ஜெயித்த இரண்டுமே எதிர்ப்பொருள்கள், அதாவது ஆன்டிபாடி. அதில் ஒன்று, 1995-இல் கிக்விட் என்ற ஊரில் எபோலா வந்து பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்து பதினோரு ஆண்டு கழித்துப் பிரித்தெடுத்தது. பிழைத்தவர் உடம்பு செய்த ஆயுதத்தைத் தொழிற்சாலையில் பெருக்கிக் கொடுக்கிறார்கள்.

இந்த வழி இன்னும் பழையது. அர்ஜென்டினாவின் சோள வயல்களில் வேலை செய்பவர்களுக்கு, அங்குள்ள காட்டுச் சுண்டெலிகளிடமிருந்து ஹுனின் வைரஸ் தொற்றி ரத்தக்கசிவுக் காய்ச்சல் வரும். குணமானவர்களின் பிளாஸ்மாவை, அதாவது எதிர்ப்பொருள் இருக்கும் ரத்த நீர்ப்பகுதியை, எட்டு நாளுக்குள் ஏற்றினால் இறப்பு 16.5 சதவீதத்திலிருந்து 1.1 சதவீதமாக இறங்குகிறது என்று மைஸ்தெகி என்ற மருத்துவர் 1979-இல் காட்டினார். பிறகு அந்த விவசாயத் தொழிலாளர்களுக்கென்றே தடுப்பூசியும் வந்தது.

அப்படியானால் டெங்குவில் பிழைத்தவரின் எதிர்ப்பொருளை எடுத்துக் கொடுக்கக் கூடாதா? இங்கேதான் சிக்கல், உங்கள் இரண்டாவது கேள்வியும் இதே இடத்தில்தான் வருகிறது. டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கும். மற்ற மூன்றுக்கும் சில மாதம்தான். அதன்பின் வேறு வகை வைரஸ் வந்தால், பழைய எதிர்ப்பொருள் அதைப் போய்ப் பிடித்துக்கொள்ளும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. அந்தப் பிடியோடு வைரஸ் நம் வெள்ளணுக்களுக்குள் முன்பைவிடச் சுலபமாக நுழைந்துவிடும். அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஹால்ஸ்டெட் இதைப் பாங்காக்கில் கவனித்து எழுதியபோது பலர் நம்பவில்லை. கியூபாவில் 1977-இல் முதல் வகை பரவியது, பெரிய சேதமில்லை. 1981-இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள். தடுப்பூசியிலும் இதே தலைவலி. டெங்வாக்சியா என்ற தடுப்பூசியைப் பிலிப்பைன்ஸில் லட்சக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டபின், முன்பு டெங்கு வராத பிள்ளைகளுக்கு அது பிற்பாடு வரும் டெங்குவைக் கடுமையாக்கக்கூடும் என்று 2017-இல் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) பனேசியா பயோடெக் நிறுவனமும் சேர்ந்து 2024 ஆகஸ்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் தொடங்கிய சோதனை நான்கு வகைக்கும் ஒரே ஊசி என்பதை நோக்கியது. அந்த முடிவை ஆவலோடு எதிர்பார்க்கிறவர்களில் நானும் ஒருவன்.

வைரஸைக் கொல்லும் மாத்திரைக்கு இன்னொரு தடை நேரம். எபோலாவில் ஆள் சாகக் கிடக்கும்போது ரத்தம் முழுக்க வைரஸ் இருக்கிறது, அடிக்க இலக்கு இருக்கிறது. டெங்குவில் கசிவு தொடங்கும்போது வைரஸ் ஏற்கெனவே வடிந்துகொண்டிருக்கும். அப்போது மாத்திரை போட்டு என்ன பயன்? முதல் நாளே போட வேண்டும், முதல் நாளில் அது டெங்கு என்று யாருக்குத் தெரியும்? வியட்நாமின் ஹோ சி மின் நகரில் குளோரோகுயின், பிரெட்னிசலோன், பாலாபிரவிர், லோவாஸ்டாடின் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஒன்றும் தேறவில்லை. நான்கு வகையையும் தடுக்கும் மாஸ்நோடென்விர் என்ற மாத்திரையில் நம்பிக்கை இருந்தது. 2024 அக்டோபரில் ஜான்சன் அண்ட் ஜான்சன் அதன் களச் சோதனையை நிறுத்திவிட்டது. பாதுகாப்புக் குறைபாடு காரணமில்லை, நிறுவனத்தின் முன்னுரிமை மாறிவிட்டதாம். ஏழை நாட்டுக் காய்ச்சலின் முன்னுரிமை எப்போதும் அப்படித்தான் மாறும் என்பது என் கசப்பு.

உங்கள் மகளுக்கு மறுபடி டெங்கு வந்தால் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். இரண்டாம் முறை வந்தவர்களிலும் பெரும்பாலானவர்கள் சிக்கலில்லாமல் எழுந்துவிடுகிறார்கள். அடுத்த முறை காய்ச்சல் வந்தால், முன்பு டெங்கு வந்தது என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையோ ஊசியோ வேண்டாம். புரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டும். கஞ்சி, மோர், இளநீர், ஓஆர்எஸ் நிறையக் கொடுங்கள். பீட்ரூட், மாதுளை, கறுப்புக் குளிர்பானம் வேண்டாம். வாந்தி எடுத்தால் அது ரத்தமா ஜூஸா என்று நாங்கள் திண்டாடுவோம். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, பிள்ளை துவண்டு கிடப்பது அல்லது காரணமில்லாமல் எரிந்து விழுவது, இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வயலில் தண்ணீர் நிற்பதால்தான் டெங்கு வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கொசு வயலிலும் வாய்க்காலிலும் முட்டையிடாது. உங்கள் கொல்லைப்புற டிரம், சிமெண்ட் தொட்டி, கழித்துப்போட்ட ஆட்டுக்கல், கொட்டாங்குச்சி, பிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, இவைதான் அதற்கு வேண்டியவை. முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை சுவரை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இனி உங்கள் தெருக்காரர். கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அவருடைய நிலைதான். டெங்கு கடுமையானால் சிறுநீரகமும் கெடலாம். ஆனால் சேற்றில் இறங்கி வேலை செய்பவர், காய்ச்சல், கண் மஞ்சள், சிறுநீர் குறைவு என்றால் என் மனம் முதலில் போவது எலிக்காய்ச்சலுக்கு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள வெட்டுக்காயம், பித்தவெடிப்பு வழியே உள்ளே போகிறது. கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கும், கண் சிவந்திருக்கும், சிலருக்கு இருமினால் ரத்தம் வரும், பிளேட்லெட்டும் இறங்கும். பார்வைக்கு டெங்கு மாதிரியே இருந்தாலும் இது வைரஸ் இல்லை, பாக்டீரியா. பெனிசிலின், டாக்சிசைக்ளின் போன்ற பழைய, மலிவான மருந்துகளுக்குக் கட்டுப்படும். உண்ணிக்காய்ச்சலும் (ஸ்க்ரப் டைபஸ்) பாக்டீரியாதான், அது டாக்சிசைக்ளினுக்குக் கட்டுப்படும். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ மார்புக்கு அடியிலோ வலிக்காத ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். கூச்சப்பட்டுக் காட்டாமல் விட்டுவிடுவார்கள். கடுமையான உண்ணிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் போடுவது, ஒன்றைத் தனியாகப் போடுவதைவிட மேல் என்று வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது. அதாவது எபோலாவுக்கு மருந்து வந்துவிட்டதே என்று நாம் ஏங்கிக்கொண்டிருக்கும்போது, மருந்து கையிலேயே இருக்கும் காய்ச்சலில் ஒருவர் டயாலிசிஸ் வரை போகிறார். அவரைக் கவனிக்கும் மருத்துவரிடம் எலிக்காய்ச்சல் பரிசோதனை ஆயிற்றா என்று இன்றே கேட்கச் சொல்லுங்கள். நடவுக்கும் களை பறிக்கவும் போகிறவர்கள் காய்ச்சல் என்று எந்த டாக்டரிடம் போனாலும், வயலில் வேலை என்பதைச் சொல்லியே தீர வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

  

தம்பி விஷயம். அவர் காங்கோ போகும் முன் ஒரு மஞ்சள் அட்டையோடு போயிருப்பார், கேட்டுப்பாருங்கள். அது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை. ரத்தக்கசிவுக் காய்ச்சல்களில் மிகப் பழைய, மிக நல்ல தடுப்பூசி அது; கண்டுபிடித்த மேக்ஸ் தெய்லருக்கு 1951-இல் நோபல் கிடைத்தது. இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை, ஆனால் அதைப் பரப்பும் கொசு உங்கள் டிரம்மில் இருக்கும் அதே டெங்குக் கொசுதான். அட்டை இல்லாமல் வந்தால் விமான நிலையத்தில் தனிமைப்படுத்துவது அதனால்தான். அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

எபோலா காற்றில் வராது. நோய் வெளிப்பட்டவரின் ரத்தம், வாந்தி, உடல் நீர்களைத் தொட்டால்தான் பரவும். அங்கே சாவு வீடுகளில் உடலைக் குளிப்பாட்டியவர்கள் பலருக்கு வந்தது. தம்பி இருக்கும் பகுதியில் பரவல் இல்லை, நோயாளி யாரையும் தொடவில்லை என்றால் நீங்கள் பயப்பட எதுவும் இல்லை, பொங்கலுக்குத் தாராளமாக வரட்டும். பரவல் இருக்கும் மாகாணத்திலிருந்து வந்தால் மட்டும் 21 நாள் உடல் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் கண்டால் நேரே ஆஸ்பத்திரிக்குள் நுழையாமல், முதலில் போனில் 104-க்குச் சொல்லிவிட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யட்டும்.

காங்கோவிலிருந்து வருகிறவருக்குக் காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் அது எபோலாவாக இருக்காது, மலேரியாவாக இருக்கும். அங்குள்ள மலேரியா ஓரிரு நாளில் மூளையைத் தாக்கக்கூடிய வகை. ஊருக்கு வந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் எப்போது காய்ச்சல் அடித்தாலும், குளிர் இல்லாவிட்டாலும், ‘காங்கோவிலிருந்து வந்தேன், மலேரியா பாருங்கள்’ என்று அன்றே கேட்டு ரத்தம் கொடுக்கட்டும். முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் விடாவிட்டால் மறுநாள் திரும்பவும் எடுக்க வேண்டும்.